அஞ்சறைப்பெட்டியும் ஆஸ்பத்திரியும்



இந்த மாதப் பாடத்தை ஒரு தப்பிலிருந்து தொடங்குகிறோம். அந்தத் தப்பைச் செய்ததும் நாம்தான்.

நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவில் ஐம்பது வயது அக்கா ஒருவர் இருக்கிறார். ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். சோளக்காட்டில் வேலை செய்தபோது கட்டை குத்தி உள்ளங்காலில் புண். வாரக்கூட்டத்தில் சந்தாப் பணம் கட்டும்போது காலைக் காட்டினார். உடனே நாம் சும்மா இருப்போமா? ஆளுக்கொரு வைத்தியம் சொன்னோம். "மஞ்சளைக் குழைச்சுப் போடுக்கா" என்றார் ஒருவர். "வேப்பிலையை அரைச்சுக் கட்டு" என்றார் இன்னொருவர். "பூண்டை நசுக்கி வைங்க, ஊசியெல்லாம் எதுக்கு?" என்று சொன்னவரும் உண்டு.

அக்கா எல்லாவற்றையும் செய்தார். அடுத்த வாரம், "இப்ப வலியே இல்ல" என்றார். நாமும் சந்தோஷப்பட்டோம். சர்க்கரை நோயாளிக்குக் காலில் வலி தெரியாமல் போவது நரம்பு மரத்துப்போனதன் அடையாளமாக இருக்கலாம் என்பது நமக்குத் தெரியவில்லை. மூன்றாவது வாரம் அவர் கூட்டத்துக்கு வரவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்கள். ஆடு வாங்குவதற்காக எடுத்த உள்கடன், துணைக்கு இருந்தவர் சாப்பாடு, பஸ் செலவு, வேலைக்குப் போகாத நாட்கள் என்று கரைந்துபோனது.

திரும்பி வந்தபிறகு அவர் யாரையும் திட்டவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார். "நீங்க சொன்னதெல்லாம் பாசத்துலதான். ஆனா யாராவது ஒருத்தி, வா ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு கூட்டிட்டுப் போயிருந்தா நல்லா இருந்திருக்கும்."

அப்படியானால் மஞ்சளும் பூண்டும் ஓமமும் வெறும் பேச்சுதானா? இல்லை. அப்படிச் சொன்னால் அது இன்னொரு தப்பு. அவற்றுக்குள் கிருமியைக் கொல்லும் பொருள் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் கிருமியைக் கொல்வது வேறு, நோயைக் குணமாக்குவது வேறு. இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தைத் தெரிந்துகொள்வதுதான் இந்த மாதப் பாடம்.

வாசனைக்குள் என்ன இருக்கிறது?

வீட்டில் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். கொஞ்சம் ஓமத்தை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து மோந்து பாருங்கள். பிறகு கற்பூரவல்லி இலை ஒன்றைக் கசக்கி மோந்து பாருங்கள. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வாசனையாக இருக்கும். கற்பூரவல்லிக்கு ஓமவல்லி என்று இன்னொரு பெயர் வந்தது சும்மா இல்லை. இரண்டிலும் தைமால், கார்வக்ரால் என்ற வாசனைப் பொருட்கள் உண்டு.

செடிக்கு ஓடத் தெரியாது. பூச்சியோ பூஞ்சணமோ கிருமியோ வந்தால் நின்ற இடத்திலேயே சமாளிக்க வேண்டும். அதற்காக அது தனக்குள் சில ரசாயனங்களைச் செய்து வைத்துக்கொள்கிறது. செடிக்கு ஆயுதமாக இருப்பதுதான் நமக்குத் தாளிப்பு வாசனை! கிராம்பில் யூஜினால், பட்டையில் சின்னமால்டிஹைடு, மஞ்சளில் குர்குமின் என்று ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பொருள்.

பூண்டின் கதை இன்னும் சுவையானது. முழுப் பூண்டில் வாசனை அதிகம் இல்லை, கவனித்திருப்பீர்கள். நசுக்கும்போதுதான் அதிலுள்ள இரண்டு பொருட்கள் ஒன்றோடு ஒன்று கலந்து அல்லிசின் உண்டாகிறது. 1944-ல் அமெரிக்காவில் கேவலிட்டோ, பெய்லி என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதைப் பிரித்தெடுத்து, பலவகை பாக்டீரியாக்களை இது தடுக்கிறது என்று காட்டினார்கள்.

இவை கிருமியை எப்படிக் கொல்கின்றன? பாக்டீரியாவைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. தைமால் போன்ற எண்ணெய்ப் பொருட்கள் அந்தச் சவ்வில் புகுந்து குலைத்துவிடுகின்றன. தண்ணீர்ப் பையில் ஓட்டை விழுந்தது போல உள்ளே இருப்பது வெளியே கசிந்து கிருமி செத்துப்போகிறது.

தட்டில் சாகும் கிருமி

ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டில் கிருமியை வளர்ப்பார்கள். நடுவில் ஒரு சொட்டு ஓம எண்ணெயோ கிராம்பு எண்ணெயோ வைப்பார்கள். மறுநாள் பார்த்தால் எண்ணெயைச் சுற்றி ஒரு வட்டத்தில் கிருமி வளர்ந்திருக்காது. "ஓமம் நோய்க்கிருமியைக் கொல்கிறது" என்று பேப்பரில் வரும் செய்திகளில் பல இப்படிப்பட்ட சோதனைகளைப் பற்றியவைதான். செய்தி பொய் இல்லை. ஆனால் பாதிதான்.

யோசித்துப் பாருங்கள். பினாயிலும் தட்டில் உள்ள கிருமியைக் கொல்லும். கொதிக்கிற தண்ணீரும் கொல்லும். அதற்காக அவற்றைப் புண்ணில் ஊற்றுவோமா? தட்டில் கிருமி மட்டும்தான் இருக்கிறது. உடம்பில் கிருமியோடு சதையும் ரத்தமும் ஈரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. கிருமி சாக வேண்டும், ஆள் பிழைக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் மருந்து.

மாத்திரையான ஓமம்

சமையல் பொருளிலிருந்து மருந்து வந்ததே இல்லையா? வந்திருக்கிறது. ஓமத்திலிருந்தே வந்திருக்கிறது!

கொக்கிப்புழு பற்றி நமக்குத் தெரியும். வெறுங்காலோடு நடக்கும்போது மண்ணிலிருந்து தோல் வழியாக ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். பெண்களின் ரத்தசோகைக்கு அதுவும் ஒரு காரணம். 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இத்தாலி மருத்துவர் கமில்லோ பொட்சோலோ இந்தப் புழுவுக்குத் தைமால் கொடுக்கலாம் என்று கண்டார். 1909 முதல் 1914 வரை அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ராக்பெல்லர் சுகாதாரக் குழு நடத்திய இயக்கத்தில் லட்சக்கணக்கானவர்களுக்குத் தைமால் கொடுத்தார்கள். முதல் உலகப்போர் 1914-ல் வரும்வரை, இந்தியாவிலிருந்து ஓமம் கப்பலில் ஜெர்மனிக்குப் போய் அங்கே தைமாலாக மாறியது.

ஆனால் அந்த மருந்தை எப்படிக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். பெரியவர் ஒருவருக்கு ஏறக்குறைய 4 கிராம் சுத்தமான தைமால். முன்னும் பின்னும் பேதி உப்பு. அன்றைக்கு எண்ணெய், நெய், சாராயம் எதுவும் தொடக்கூடாது. ஏனென்றால் கொழுப்போ சாராயமோ சேர்ந்தால் தைமால் குடலில் நிற்காமல் ரத்தத்தில் கலந்து நஞ்சாகிவிடும். அப்படி உயிர் போனதும் உண்டு. அதனால் அதைவிடப் பாதுகாப்பான மருந்து வந்ததும் தைமாலை விட்டுவிட்டார்கள். 2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாளில் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் நம் பிள்ளைகளுக்குக் கொடுப்பது அல்பெண்டசோல் மாத்திரை.

இப்போது நம் கணக்கு நோட்டு பாணியில் ஒரு கணக்கு. 100 கிராம் ஓமத்தில் 2 முதல் 4 கிராம் எண்ணெய் இருக்கும். அதில் ஏறக்குறைய பாதி தைமால். அப்படியென்றால் 4 கிராம் தைமாலுக்கு 200 முதல் 400 கிராம் ஓமம் வேண்டும். நாம் வயிறு மந்தம் என்று கொதிக்க வைப்பதோ ஒரு தேக்கரண்டி. அது வயிற்றுக்கு இதமாக இருக்கலாம், நல்லது. நோய்த்தொற்றுக்கு மருந்தாகாது. அதற்காகக் கைநிறைய ஓமம் தின்னலாமா? வேண்டவே வேண்டாம்! அளவு மீறினால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோமே.

மூன்று கேள்விகள்

எந்த மூலிகையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நாம் மூன்று கேள்வி கேட்போம்.

ஒன்று, அளவு எவ்வளவு? ஒரு ஊர் ஓமம் மாதிரி இன்னொரு ஊர் ஓமம் இருக்காது. மழை, மண், பறித்த காலம், டப்பாவில் இருந்த மாதம் எல்லாவற்றையும் பொறுத்துச் சத்து மாறும். மாத்திரையில் 500 மில்லிகிராம் என்றால் எல்லா மாத்திரையிலும் அதே 500 இருக்க வேண்டும்.

இரண்டு, நோய் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேருமா? மஞ்சளில் உள்ள குர்குமினைச் சாப்பிட்டால் மிகக் கொஞ்சம்தான் ரத்தத்தில் சேர்கிறது. பூண்டைச் சூட்டில் வேகவைத்தால் அல்லிசின் உண்டாகும் வழியே அடைபட்டுவிடுகிறது. ரசத்தில் பூண்டு ருசிக்கும், உணவுக்கும் நல்லது. ஆனால் நெஞ்சுச்சளியில் உள்ள கிருமியை அது தேடிப் போய்க் கொல்லும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம்.

மூன்று, சுத்தமாக இருக்கிறதா? கடை மஞ்சள்தூள் குழம்புக்காக அரைத்தது. அதில் தூசி, மண், சில நேரம் நிறத்துக்காகக் கலந்த ஈயம் சேர்ந்த சாயம்கூட இருக்கலாம். மண்ணில்தான் ரணஜன்னிக் கிருமியும் வாழ்கிறது. திறந்த புண்ணில் அதை அப்பினால் புதுக்கிருமியை நாமே உள்ளே விடுகிறோம். அரைத்த இலைப் பற்றும் அப்படித்தான். பற்றுக்கு அடியில் புண் என்ன ஆகிறது என்று கண்ணுக்கும் தெரியாது. அந்த அக்காவுக்கு நடந்தது அதுதான்.

"மஞ்சளுக்கு நாமதானே கேஸ் போட்டு ஜெயிச்சோம்?" என்று ஒரு தோழி கேட்டார். நல்ல கேள்வி. புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995-ல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குக் காப்புரிமை கொடுத்தார்கள். இது எங்கள் நாட்டில் காலம் காலமாக இருப்பது என்று இந்திய அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய ஆதாரங்களோடு எதிர்த்தது. 1997-ல் அந்தக் காப்புரிமை ரத்தானது. நம் பாட்டிமார் அறிவு நமக்கே சொந்தம் என்று நிலைநாட்டிய வெற்றி அது. ஆனால் அந்த வழக்கு மஞ்சள் யாருக்குச் சொந்தம் என்று தீர்த்ததே தவிர, சர்க்கரைப் புண்ணை மஞ்சள் ஆற்றும் என்று தீர்ப்புச் சொல்லவில்லை.

மறுபக்கத்துத் தப்பு

மஞ்சளை நம்பியது ஒரு தப்பு என்றால், அதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு தப்பையும் செய்கிறோம். சளி, காய்ச்சல் என்றால் மருந்துக்கடையில் நின்று, "ஒரு செட் மாத்திரை குடுங்கண்ணே" என்று வாங்கிப் போடுகிறோம். அதில் ஒரு ஆன்டிபயாடிக்கும் இருக்கும். இரண்டு வேளை போட்டதும் தேறினாற்போல இருக்கும். மிச்சத்தை டப்பாவில் வைத்து அடுத்த காய்ச்சலுக்கு மருமகளுக்குக் கொடுப்போம்.

சாதாரணச் சளியும் பெரும்பாலான இருமலும் வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் அதற்கு வேலை செய்யாது. தேவையில்லாதபோதும் அரைகுறையாகவும் போட்டால், பிழைத்த பாக்டீரியாக்கள் மருந்துக்கு அசையாதவையாகப் பெருகுகின்றன. பென்சிலினை 1928-ல் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-ல் நோபல் பரிசு வாங்கியபோதே இந்த ஆபத்தைச் சொல்லி எச்சரித்தார். 2019 ஒரே ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர், மருந்துக்கு அடங்காத பாக்டீரியா நோயால் நேரடியாக இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

மாத்திரை அட்டையின் பின்பக்கம் சிவப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டாக்டர் எழுதாமல் அந்த மாத்திரையைத் தொடக்கூடாது. 2016-ல் மத்திய அரசு இதற்காகவே விழிப்புணர்வு இயக்கம் நடத்தியது.

இதனால்தான் விஞ்ஞானிகள் மறுபடியும் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து பார்க்கிறார்கள். தைமாலையும் கார்வக்ராலையும் ஆன்டிபயாடிக்கோடு சேர்த்தால் பழைய மருந்துக்குப் புது பலம் வருமா என்று ஆய்வுக்கூடங்களில் சோதிக்கிறார்கள். 2015-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கண் மருந்துக் குறிப்பு ஒன்றை அப்படியே செய்து பார்த்தார்கள். பூண்டு, வெங்காய இனத்தைச் சேர்ந்த இன்னொரு செடி, திராட்சை மது, மாட்டுப் பித்தநீர் ஆகியவற்றைக் கலந்து ஒன்பது நாள் வைத்தார்கள். பல மருந்துக்கு அடங்காத ஒரு கிருமியை ஆய்வுக்கூடத்தில் அது கொன்றது. பூண்டு மட்டும் தனியாக அந்த அளவுக்கு வேலை செய்யவில்லை. ஆனாலும் அவர்கள் அதை உடனே நோயாளிக்குக் கொடுத்துவிடவில்லை. எதனால் வேலை செய்கிறது, தோலுக்குக் கெடுதியா என்று ஒவ்வொரு படியாகப் பார்த்தார்கள்.

படிகளைத் தாண்டி வந்தவையும் உண்டு. பல் டாக்டரிடம் போனால் ஒரு வாசனை வருமே! அது கிராம்பு வாசனை. கிராம்பு யூஜினாலைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துத் தற்காலிகமாகப் பல் அடைக்கப் பயன்படுத்துகிறார்கள். சில வகை வாய் கொப்பளிக்கும் மருந்துகளில் தைமால் இருக்கிறது. இரண்டும் மேலே படும் மருந்துகள், அளந்து செய்தவை.

கறவை மாடு வைத்திருக்கும் தோழிகளுக்கு

மடிநோய்க்கு ஊசி போட்டால் அந்த மருந்து பாலிலும் இறங்கும். டாக்டர் சொன்ன நாள்வரை அந்தப் பாலை ஊற்றக்கூடாது. கடன் தவணை கட்டும் நமக்கு இது பெரிய நஷ்டம். இதற்குத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மரபுவழி மருத்துவ முறையைத் தேசிய பால்வள வாரியமும் பரப்பி வருகிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, கழுவிய மடியில் ஒரு நாளைக்குப் பலமுறை பூசுவது. நோயின் ஆரம்பத்திலேயே கால்நடை மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். மாடு தீனி எடுக்காவிட்டாலோ காய்ச்சல் இருந்தாலோ அவரை வரவழைத்தே ஆக வேண்டும். இது மாட்டு மடிக்கு மட்டும்! சுண்ணாம்பு கலந்ததை மனிதர் புண்ணில் வைத்தால் வெந்துவிடும்.

வீட்டில் எதுவரை? ஆஸ்பத்திரிக்கு எப்போது?

சாதாரணச் சளிக்குக் கற்பூரவல்லிக் கசாயம், மிளகு ரசம், தொண்டைக்கு உப்புநீர் கொப்பளிப்பது எல்லாம் இதமானவை. செய்யுங்கள். ஆனால் ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்தான். ஒரு வயது முடியும்வரை தேன் கூடாது. வாசனை எண்ணெய் எதையும் பிள்ளைகளுக்கு உள்ளுக்குக் கொடுக்காதீர்கள்.

சின்னக் காயம் என்றால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் மூடுங்கள். ஆணி, கட்டை குத்தினாலோ மண் பட்டாலோ ரணஜன்னித் தடுப்பூசி தேவையா என்று கேளுங்கள்.

பிறந்த குழந்தையின் தொப்புளில் மஞ்சள், எண்ணெய், சாம்பல் எதுவும் வேண்டாம். ஈரமில்லாமல் அப்படியே விடுங்கள். தாய்க்கும் சேய்க்கும் வரும் ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015-ல் அறிவிக்கப்பட்டது. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசியும் சுத்தமான பிரசவமும் சேர்ந்து கிடைத்த பலன் அது. அதை விட்டுவிடக் கூடாது.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

சர்க்கரை நோயாளியின் காலில் எந்தப் புண் வந்தாலும், வலி இல்லாவிட்டாலும், அன்றைக்கே காட்ட வேண்டும்.

புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, வீக்கம், சீழ், கெட்ட வாடை, காய்ச்சல்.

குழந்தை வேகமாக மூச்சு வாங்குவது, மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குழி உள்ளே போவது, பால் குடிக்க மறுப்பது.

நீர்க்கடுப்போடு காய்ச்சல், குளிர், இடுப்புக்கு மேலே முதுகுவலி. கர்ப்பிணி என்றால் கடுப்பு மட்டும் இருந்தாலே போதும், போய் நீர் பரிசோதனை செய்ய வேண்டும்.

நாய், பூனை, குரங்கு கடித்தால் சோப்புத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே தடுப்பூசிக்குப் போக வேண்டும். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு வைக்கவே கூடாது.

டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினால் சொன்ன வேளை, சொன்ன நாள்வரை போடுங்கள். பாதியில் ஒத்துக்கொள்ளாமல் போனால் நாமே நிறுத்தாமல் அவரிடமே கேளுங்கள். ஒருவருக்கு எழுதியதை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். வீட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று பயப்பட வேண்டாம்.

இந்த மாதக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் சர்க்கரை உள்ளவர்கள் எத்தனை பேர்? தினமும் பாதத்தைப் பார்க்கிறார்களா? செருப்புப் போட்டு வேலைக்குப் போகிறார்களா?

2. வீட்டு டப்பாவில் மிச்சம் இருக்கும் மாத்திரைகளில் சிவப்புக் கோடு போட்டவை எத்தனை? அடுத்த கூட்டத்துக்கு அட்டையை எடுத்து வந்து கிராம சுகாதார செவிலியரிடம் காட்டுங்கள்.

3. யாருக்காவது அவசரம் என்றால் துணைக்குப் போக இரண்டு பேர் யார் யார்? பெயரைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். பஸ் செலவுக்குச் சங்கத்தில் எவ்வளவு ஒதுக்கலாம் என்றும் முடிவு செய்யுங்கள்.

அந்த அக்காவின் குழுவில் மூன்றாவது கேள்விக்குத் தீர்மானம் போட்டாயிற்று. முதல் பெயராகத் தன் பெயரை எழுதச் சொன்னவர் அந்த அக்காதான். "எனக்கு வழி தெரியும், எந்த ரூம்ல யார் இருக்காங்கன்னும் தெரியும், நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

அதனால் தோழிகளே, ஓமமும் மஞ்சளும் பூண்டும் அஞ்சறைப்பெட்டியில் நிறையட்டும். நாளைக்கு அதிலிருந்து புதுமருந்து வந்தால் நாம்தான் முதலில் கை தட்டுவோம். அதுவரை, கூட்டத்தில் யாராவது காலை நீட்டிப் புண்ணைக் காட்டினால் "என்ன போட்ட?" என்று கேட்க வேண்டாம். "வா, போகலாம்" என்று எழுந்திருப்போம்.